ஓர் எழுத்தும் ஓர் உயிரும்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து குடியமர்ந்த நமக்கு, வந்த ஊரின் வரலாறு பெரும்பாலும் செவிவழியாகவே வந்து சேர்கிறது. அண்டைவீட்டார் ஒன்று சொல்வர். கடைக்காரர் வேறொன்று சொல்வர். மொழி அரைகுறையாகப் புரிந்த நாட்களில், விட்டுப்போன பகுதியை நாமே கற்பனையால் நிரப்பிக்கொள்வோம். புனே நகரில் சில காலமேனும் வாழ்ந்த தமிழர் இவ்வாறு கேட்டறியும் கதைகளுள் சனிவார் வாடாவின் கதை முதன்மையானது. நகரின் நடுவே நெடுமதிலும் ஐந்து வாயில்களும் எஞ்சி நிற்க, உள்ளே மாளிகை ஏதுமின்றி அடித்தளக் கற்களும் புல்தரையுமாகக் காட்சி தரும் அந்தப் பழைய அரண்மனையில், முழுநிலா இரவுகளில் ஓர் இளைஞனின் குரல் கேட்குமாம். 'காகா, மலா வாச்வா' என்று அக்குரல் ஓலமிடுமாம். 'சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்' என்பது அதன் பொருள்.

குரல் கேட்பது கதையாகவே இருக்கட்டும். அங்கே ஓர் இளைஞர் கொலையுண்டது உண்மை. 1773ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் பிற்பகலில், பெயரளவில் மராட்டிய அரசின் தலைமை அமைச்சரும் நடைமுறையில் அதன் ஆட்சித் தலைவருமான பேஷ்வா நாராயணராவ், தம் அரண்மனைக்குள்ளேயே, தம் சிற்றப்பனின் அறையிலேயே வெட்டுண்டு மாண்டார். அவருக்கு அப்போது வயது 18.

அரசியற் கொலையை நடுவாகக் கொண்டு எழுதப்படும் மர்ம நாவல்களை நாம் விரும்பிப் படிக்கிறோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடர்கதையாக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' நம்மவர் இல்லங்களில் இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவும் ஒரு காரணமன்றோ? அந்த நாவலாசிரியர்க்குக் கிட்டிய சான்று மிகச் சொற்பம். உடையார்குடிக் கல்வெட்டு, துரோகிகளான உடன்பிறந்தார் சிலரின் பெயரையும் அவர்தம் நிலத்தைப் பற்றிய அரசாணையையும் தருகிறது. கொலைக்குரிய காரணத்தைத் தரவில்லை. கல்வெட்டு வாய்மூடிய இடத்தில் கற்பனை வாய்திறந்தது. புனே நகரத்துக் கொலையோ அத்தகையதன்று. வாளை வீசியவர் பெயர் தெரியும்; ஆணையில் கையெழுத்திட்டவர் பெயர் தெரியும்; விசாரித்த நீதிபதியின் பெயரும் அவர் கூறிய தீர்ப்பும் தெரியும். இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்த ஆணையில் ஓர் எழுத்தைத் திருத்திய கை எவருடையது என்னும் ஒரு புதிரையே மக்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசி வருகின்றனர். அவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுந்தது.

முதலில் குடும்பத்தை அறிந்துகொள்வோம். 1761ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பானிபட்டுப் போர்க்களத்தில் மராட்டியர் பெருந்தோல்வி அடைந்தனர். பேஷ்வா நானாசாகிபின் மூத்த மகன் விசுவாசராவ் அங்கே மாண்டார். தம்பி முறையினரான சதாசிவராவ் பாவும் மாண்டார். அத்துயரம் தாளாது அதே ஆண்டு ஜூன் திங்களில் நானாசாகிபும் கண்மூடினார். எஞ்சியிருந்தோர் அவருடைய இளைய மக்கள் மாதவராவும் நாராயணராவும், நானாசாகிபின் தம்பி இரகுநாதராவும் ஆவர். இந்த இரகுநாதராவ் சாமானியர் அல்லர். 1758ஆம் ஆண்டில் மராட்டியப் படையை இலாகூர் வரை நடத்திச் சென்றவர். அண்ணனுக்குப் பின் பதவி தமக்கே உரியது என்று எண்ணினார். ஆனால் பதவி பதினாறு வயது மாதவராவுக்குச் சென்றது.

அந்தச் சிறுவர் எதிர்பாராத திறமை காட்டினார். சிற்றப்பன் பன்முறை பகைத்தும், படை திரட்டி எதிர்த்தும் பார்த்தார். 1768ஆம் ஆண்டில் தோடப் கோட்டையருகே அவரைத் தோற்கடித்த மாதவராவ், கொல்லாமல் சனிவார் வாடாவிலேயே காவலில் வைத்தார். பகைவனைத் தொலைவில் வைப்பதா, வீட்டுக்குள்ளேயே கண்பார்வையில் வைப்பதா என்பது அரசியலில் பழைய சிக்கல். மாதவராவ் உயிரோடிருந்தவரை அவருடைய முடிவு சரியாகவே தோன்றியது. ஆனால் என்புருக்கி நோய் அவரை விட்டுவைக்கவில்லை. 1772ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தேவூர் என்னும் ஊரில் அவர் காலமானார். இறக்குமுன் தம்பியைச் சிற்றப்பனிடம் ஒப்புவித்துக் காக்குமாறு வேண்டினார் என்பது வரலாறு. 'சித்தப்பா, காப்பாற்றுங்கள்' என்னும் வேண்டுகோள் முதன்முதலாக எழுந்தது அந்த மரணப்படுக்கையிலிருந்தே எனலாம்.

நாராயணராவ் ஒன்பது திங்களே ஆண்டார். முன்கோபமும் அனுபவமின்மையும் அவரிடம் குடிகொண்டிருந்தன என்று எழுதுவோர் பலர். பதினேழு பதினெட்டு வயதில் அவை எவரிடந்தான் இல்லை? மூத்த அமைச்சர்கள் தம்முள் பிளவுபட்டிருந்தனர். சகாராம் பாபு என்னும் முதிய அமைச்சர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது எவருக்கும் புலப்படவில்லை. சிற்றப்பனுக்கும் மகனுக்கும் சில நாள் உறவு நிலவியது, பிறகு முறிந்தது, இரகுநாதராவ் மீண்டும் கடுங்காவலில் வைக்கப்பட்டார்.

அரண்மனைக் காவலில் இருந்தவர்கள் கார்திகள். பிரெஞ்சு மொழியில் காவலரைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்றுக் கூலிக்குப் போரிடும் காலாட்படையினர் இவர்கள். பானிபட்டில் மராட்டியர் பக்கம் நின்று இறுதிவரை போரிட்ட இப்ராகீம் கான் கார்தியும் இம்மரபினரே. ஆகவே கார்தி என்றாலே கொலைஞன் என்று கொள்வது நியாயமன்று. ஆனால் கூலிப்படைக்குக் கூலி தவறக்கூடாது. 1773ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சம்பளப் பாக்கி பற்றிய முணுமுணுப்பு புனேயில் மிகுந்திருந்தது. சுமேர் சிங், முகம்மது யூசுப், கரக் சிங் முதலிய தலைவர்கள் அந்த முணுமுணுப்பின் நடுவே நின்றனர். அரண்மனைப் பணியாளனாகிய துளாஜி பவார் என்பவன் சிறைப்பட்ட இரகுநாதராவுக்கும் இவர்களுக்கும் இடையே தூது நடந்தான். பேஷ்வாவைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டு இரகுநாதராவை விடுவிப்பது என்பது உடன்பாடு. அதற்குரிய எழுத்து மூலமான ஆணையை இரகுநாதராவே சுமேர் சிங்குக்கு எழுதிக்கொடுத்தார்.

அந்நாளில் பேஷ்வா முற்றிலும் எச்சரிக்கையின்றி இருக்கவில்லை என்பதே நம் மனத்தை வருத்துவது. காலையிலேயே காலாட்படையினரிடம் ஏதோ கலக்கம் இருப்பதை அவர் அறிந்து, படைத்தலைவர் ஹரிபந்த் பட்கேயிடம் தக்க ஏற்பாடு செய்யுமாறு கூறினார். ஹரிபந்தோ நண்பர் ஒருவர் வீட்டு விருந்துக்குச் சென்றுவிட்டார் என்று கிராண்ட் டஃப் எழுதுகிறார். விநாயகர் விழாக் காலம்; விருந்துக்குக் குறைவிராது. நாவலாசிரியர் ஒருவர் இப்படி ஒரு நிகழ்ச்சியை அமைத்திருந்தால், நம்பும்படி இல்லை என்று நாம் குறை கூறியிருப்போம். துரோகமும் சூழ்ச்சியும் செய்ய முடியாத வேலையை ஒரு பகலுணவு செய்து முடித்தது.

பிற்பகலில் கார்திகள் கூச்சலிட்டுக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தனர். உறக்கம் கலைந்து எழுந்த நாராயணராவ் சிற்றப்பனின் அறைக்கு ஓடி, அவரைக் கட்டிக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டார். இரகுநாதராவ் மன்றாடினார் என்றும், இவ்வளவு தொலைவு வந்தபின் அவரை விட்டுவிட்டால் தமக்கே அழிவு, விலகாவிடில் இருவரையும் கொல்வோம் என்று சுமேர் சிங் மறுமொழி கூறினான் என்றும் கிராண்ட் டஃபின் நூலில் காண்கிறோம். இரகுநாதராவ் தம்மை விடுவித்துக்கொண்டு மேல்மாடத்துக்குச் சென்றார். பின்தொடர முயன்ற இளைஞரைத் துளாஜி காலைப்பற்றி இழுத்து வீழ்த்தினான். அப்போது சாபாஜி டிலேகர் என்னும் பணியாளர் கையில் ஆயுதம் ஏதுமின்றி ஓடிவந்து தம் தலைவர் மீது விழுந்து மறைத்தார். இருவரும் ஒன்றாகவே வெட்டுண்டனர். அன்று அரண்மனையில் வேறு பலரும் உயிரிழந்தனர். பணிப்பெண்களும் அவர்களுள் உண்டு. சாபாஜியைப் பற்றி இதற்குமேல் வரலாறு அதிகம் கூறுவதில்லை. இக்கதையில் செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய நொடியில் செய்த முதல் மனிதர் அவரே.

இரவோடிரவாகப் பேஷ்வாவின் உடல் வெளிக்கொணரப்பட்டு முட்டா ஆற்றங்கரையில் எரியூட்டப்பட்டது. சிற்றப்பன் ஆட்சித் தலைவரானார். சத்தாராவிலிருந்து சத்திரபதியின் பெயரால் பதவிக்குரிய உடைகளும் வந்தன. நகரமாந்தர் வாய்திறக்கவில்லை. (அதே ஆண்டு செப்டம்பரில், தமிழகத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாஜி ஆர்க்காட்டு நவாபிடமும் கும்பினிப் படையிடமும் தம் தலைநகரை இழந்து சிறைப்பட்டார். வடக்கிலிருந்து துணை வரக்கூடிய வீடு எத்தகைய நிலையில் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.)

இனி நீதிபதியைக் காண்போம். இராம சாஸ்திரி பிரபுணே சத்தாராவை அடுத்த மாகுலி ஊரினர். காலந்தாழ்த்திக் கல்வி தொடங்கி, காசியில் பயின்று, புனேயில் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். அடுத்த நாளுக்கென்று வீட்டில் தானியம் சேர்த்து வைக்காதவர் என்பது அவரைப் பற்றி வழிவழி வரும் செய்தி. மாதவராவ் ஒரு சமயம் அரசு அலுவலை விட்டுவிட்டுச் செபத்திலும் தியானத்திலும் மூழ்கியிருந்தபோது, அந்தணர்க்குரிய வாழ்க்கைதான் வேண்டுமென்றால் பதவியைத் துறந்துவிட்டுக் காசிக்கு வருக, பதவியில் இருப்பதானால் குடிகளின் நலத்தைக் கவனிக்க என்று நேருக்கு நேர் கூறியவர் அவர். மாதவராவ் அதனைப் பொறுத்து ஏற்றுக்கொண்டார். ஆண்டவனுக்கு அஞ்சி ஆள்பவனுக்கு அஞ்சாத ஒருவரைப் பதவியில் வைத்திருப்பது ஆள்பவருக்கும் பெருமையே.

இராம சாஸ்திரி கொலையைப் பற்றி விசாரணை தொடங்கினார். எவர் ஆணையின்படி என்று கேட்கவேண்டியதில்லை. அது தலைமை நீதிபதியின் கடமை. யாரை விசாரிப்பது, எதைச் சான்றாகக் கொள்வது என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. ஏறத்தாழ ஆறு வாரத்தில் அவர் கையில் சான்றுகள் சேர்ந்துவிட்டன. சூழ்ச்சியில் பங்கு கொண்டவராக ஏறத்தாழ ஐம்பது பேர் வெளிப்பட்டனர். அவர்களுள் மராட்டியர் உண்டு, அந்தணர் உண்டு, பிரபுக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. ஏதோ ஓர் இனத்தார் செய்த கொலை என்று கூற இடமே இல்லை. இரகுநாதராவ் எழுதிக்கொடுத்த அந்த ஆணையும் நீதிபதியின் கைக்கு வந்தது.

இங்கேதான் அந்த எழுத்து நுழைகிறது. இரகுநாதராவ் எழுதியது 'தராவே', அதாவது 'பிடிக்க' என்று. ஆணையில் காணப்பட்டதோ 'மாராவே', அதாவது 'கொல்க' என்று. முதலெழுத்தாகிய 'த' அழிந்து 'மா' ஆகியிருந்தது. திருத்தியது யார்? இரகுநாதராவின் மனைவி ஆனந்திபாய் என்பது எங்கும் பரவிய நம்பிக்கை. மராட்டி மொழியில் 'த வை மா ஆக்குதல்' என்றே ஒரு வழக்கு நிலைத்துவிட்டது. ஓர் ஆவணத்தில் நுட்பமாகக் கைவைத்துப் பொருளையே புரட்டுவோரை இன்றும் அவ்வாறு குறிப்பிடுவர். நம் நேயர்களுள் அலுவலகங்களில் மராட்டியரோடு பணிபுரிவோர் இதனைக் கேட்டிருக்கக்கூடும்.

கதையின் கவர்ச்சி கண்கூடு. ஒரே ஓர் எழுத்து, ஓர் எழுதுகோல், விளக்கொளியில் தனித்திருக்கும் ஒரு பெண். கே. பி. காடில்கர் 1909ஆம் ஆண்டில் 'பாவுபந்தகி' என்னும் நாடகத்தை எழுதியபோது, ஆனந்திபாயை ஷேக்ஸ்பியரின் மாக்பெத் சீமாட்டியோடு ஒப்பிட்டுப் பேசும்படியான பாத்திரமாகவே படைத்தார். பங்காளிக் காய்ச்சல் என்று நாம் சொல்வதைத்தான் மராட்டியர் பாவுபந்தகி என்கின்றனர். மேடையிலும் பின்னர்த் திரையிலும் கண்ட ஆனந்திபாயே மக்கள் மனத்தில் உண்மை ஆனந்திபாயாக நின்றுவிட்டார்.

ஆயினும் துப்பறியும் நாவல் படித்துப் பழகிய நாம் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்க முடியாது. முதலில், எழுத்தே அவ்வளவு எளிதில் மாறக்கூடியதா? அக்காலத்து மராட்டி ஆவணங்கள் மோடி என்னும் தொடரெழுத்தில் எழுதப்பட்டவை. எழுதுகோலை எடுக்காமல் விரைந்து எழுதும் முறை அது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. 'த' குறில்; 'மா' நெடில். ஆகவே திருத்துபவர் எழுத்தின் உருவை மாற்றினால் மட்டும் போதாது. நெடிலுக்குரிய கோடு ஒன்றையும் நெருக்கமான வரிக்குள் நுழைத்தாகவேண்டும். முடியாதது என்று நாம் கூறவில்லை. ஆனால் கூர்ந்து நோக்கும் கண்ணுக்கு அது தெரியாமற் போகாது. தெரிந்தும் போயிற்று என்பதே கதை. அவ்வளவு தெளிவாகத் தெரியும் திருத்தத்தைக் கண்டு, பெருங்கூலி பேசி உயிரைப் பணயம் வைத்த சுமேர் சிங் ஒரு சொல்லும் கேட்காமல் இருந்திருப்பானா?

அடுத்து, இக்கதையால் பயன்பெறுவோர் யார்? கொலை ஆணை எழுதவில்லை, சிறைப்பிடிக்கும் ஆணையே எழுதினேன் என்பது இரகுநாதராவ் நீதிபதியிடம் கூறிய மறுமொழி. திருத்தம் இருந்தால் அவர் பாதிப் பழியிலிருந்து தப்புவார். எழுத்து மூலமான ஆணை கிடைத்தது என்று கார்திகளும் தப்ப முயலலாம். கொலை நிகழ்ந்த அறையில் நடந்த உரையாடலையும் இப்படியே உரைத்துப் பார்க்கலாம். உயிர்ப்பிச்சை கேட்டவர் மாண்டார். காக்க வந்தவரும் மாண்டார். சிற்றப்பன் மன்றாடினார் என்னும் செய்தியை வெளியே சொல்ல எஞ்சியிருந்தோர் சிற்றப்பனும் கொலையாளிகளும் அவர்களைச் சார்ந்தோருமே. இதனால் அச்செய்தி பொய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் யார் வாயிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடவும் கூடாது.

ஆனந்திபாய் குற்றமற்றவர் என்று வாதாடுவது நம் நோக்கமன்று. கணவர் பதவி பெறவேண்டும் என்னும் வேட்கை அவருக்கு இருந்திருக்கலாம். அரசியலை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேட்கை வேறு, சான்று வேறு. சத்தாராவில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக 1822 வரை இருந்த கிராண்ட் டஃப், 1826ஆம் ஆண்டில் வெளியிட்ட மராட்டியர் வரலாற்றில் எழுத்துத் திருத்தத்தைக் குறிப்பிடுகிறார். எனினும் அதனை ஆனந்திபாய் செய்தார் என்பதை எல்லோரும் நம்பும் செய்தியாகவே அவர் குறிக்கிறார். நீதிபதி கண்ட முடிவாகக் குறிக்கவில்லை. கொலைக்கும் அந்நூலுக்கும் இடையே 53 ஆண்டுகள் ஓடிவிட்டன. எல்லோரும் நம்புவது என்னும் நிலையை ஒரு செய்தி அடைவதற்கு அது போதிய காலம். வீட்டில் ஆண்மக்கள் செய்த கேடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண்ணின் பேச்சு இருந்திருக்கும் என்று முடிவு கட்டுவது கைகேயி காலந்தொட்டு நம் நாட்டில் பழகிப்போன வழியாகும்.

இக்கதையை விரும்பிக் கூறுவோர் பெரும்பாலும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. ஆணை திருத்தப்பட்டிருந்தது என்பதை இராம சாஸ்திரி கண்டார் என்றே வைத்துக்கொள்வோம். கண்ட பின்னும் அவர் கூறிய தீர்ப்பு என்ன? இரகுநாதராவ் விடுதலை என்றா? அன்று. செய்த பாவத்துக்குக் கழுவாய் யாது என்று இரகுநாதராவ் கேட்டபோது, உயிரைக் கொடுப்பதே கழுவாய் என்றார் இராம சாஸ்திரி. எஞ்சிய வாழ்நாளில் திருந்தி வாழ்ந்து இதனைத் தீர்க்க இயலாது என்றும், அவரும் அவருடைய ஆட்சியும் தழைக்கப்போவதில்லை என்றும், அவர் ஆளும்வரை தாம் பதவி ஏற்பதுமில்லை, புனே நகருக்குள் காலெடுத்து வைப்பதுமில்லை என்றும் கூறினார். கூறியவாறே வாயி என்னும் ஊரையடுத்த ஒரு சிற்றூருக்குப் போய்விட்டார்.

எழுத்தைத் திருத்தியவர் யார் என்று அறியாமலேயே நீதிபதி தீர்ப்பளித்தார். அறிய வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை. கூலிக்கு வாளேந்தும் படையை, சம்பளப் பாக்கியால் கொதித்திருக்கும் நேரத்தில், முறைப்படி பட்டம் பெற்ற ஒருவரின் உறக்க அறைக்குள் அனுப்பியவர், வாள் எங்கே விழும் என்பது தமக்குத் தெரியாது என்று சொல்வது எப்படி? 'பிடிக்க' என்று எழுதியிருந்தாலும் 'கொல்க' என்று எழுதியிருந்தாலும் சுமேர் சிங்கை உள்ளே அழைத்தது அந்த ஆணையே. ஊராரின் கண் எழுத்தின்மீது பதிந்தது. நீதிபதியின் கண் கையெழுத்தின்மீது பதிந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவே இவ்வழக்கின் மர்மம் என்று நாம் கருதுகிறோம்.

ஒரு நீதிபதி சொல்லிவிட்டுப் போனதால் ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை. கவிழ்க்கும் வேலையை அமைச்சர்கள் மேற்கொண்டனர். இரகுநாதராவ் படையோடு வெளியே சென்றிருந்தபோது, அவருடன் சென்ற பெருந்தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக உடல்நலமில்லை என்றும் வேறு காரணம் கூறியும் பாசறையை விட்டு நழுவிப் புனே வந்து சேர்ந்தனர். நானா பட்னவீஸ், சகாராம் பாபு, அன்று விருந்துக்குப் போன அதே ஹரிபந்த் பட்கே ஆகியோர் அவர்களுள் முதன்மையானவர். பன்னிரு உடன்பிறந்தார் என்னும் பொருளில் 'பார்பாயி' என்று இக்கூட்டணி பெயர் பெற்றது. கொலையுண்ட நாராயணராவின் மனைவி கங்காபாய் கருவுற்றிருந்தார். இதுவே அவர்கள் கையிலிருந்த துருப்புச் சீட்டு. அவரைப் பானிபட்டில் மாண்ட சதாசிவராவின் மனைவி பார்வதிபாயின் துணையோடு புரந்தர் மலைக்கோட்டைக்கு அனுப்பிக் காவல் வைத்தனர். பிறப்பது பெண்ணாயின் என்ன செய்வது? கருவுற்ற வேறு சில பெண்களும் கோட்டைக்கு அனுப்பப்பட்டதாகவும், குழந்தையை மாற்றும் எண்ணம் இருந்ததாகவும் கிராண்ட் டஃப் எழுதுகிறார். இரகுநாதராவின் ஆதரவாளர்க்கு இது நல்ல ஆயுதமாயிற்று. 1774ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் ஆண்குழந்தை பிறந்தது. நாற்பது நாட் குழந்தைக்குப் பேஷ்வா பட்டம் கட்டினர். அக்குழந்தையே சவாய் மாதவராவ். இராம சாஸ்திரி புனேக்குத் திரும்பி மீண்டும் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தார். 1789இல் தாம் மறையும் வரை அந்நற்பெயர் குன்றாமல் வாழ்ந்தார்.

இதன் பின்விளைவுகளைப் பாடநூல்கள் விரிவாகவே கூறுகின்றன. நாம் சுருங்கச் சொல்வோம். விரட்டப்பட்ட இரகுநாதராவ் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்து, 1775ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சூரத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார். படைத்துணைக்கு விலையாகச் சால்செட்டையும் வசையையும் தர இசைந்தார். இன்று மும்பையின் புறநகர்களில், அந்தேரியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் குடியிருக்கும் நம்மவர், தாம் வாழும் மண் அந்தச் சால்செட்டுத் தீவுதான் என்பதை நினைவிற் கொள்ளலாம். முதலாம் ஆங்கிலேய மராட்டியப் போர் இதிலிருந்தே மூண்டு, 1782இல் சால்பை உடன்படிக்கையோடு ஓய்ந்தது. உதவித்தொகை பெற்று ஒதுங்கிய இரகுநாதராவ் 1783இல் கோபர்காவில் காலமானார். ஆனந்திபாய் அதன்பின் பத்தாண்டு போல வாழ்ந்து 1794இல் மறைந்தார். அவருக்காகப் பேச அவையில் எவரும் இருக்கவில்லை.

புரந்தர் கோட்டையில் பிறந்த சவாய் மாதவராவ் 1795ஆம் ஆண்டு அக்டோபரில் அதே சனிவார் வாடாவின் மாடத்திலிருந்து விழுந்து உயிர்நீத்தார். தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா என்பது இன்னொரு புதிர். அவருக்கு மகப்பேறு இல்லை. ஆகவே மறு ஆண்டில் பேஷ்வா ஆனவர் இரகுநாதராவுக்கும் ஆனந்திபாய்க்கும் 1775இல் பிறந்த இரண்டாம் பாஜிராவ். 1802ஆம் ஆண்டின் கடைசி நாளில் வசை உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஆங்கிலேயப் படையைப் புனேக்கு அழைத்தவரும், 1818இல் அரசையே இழந்தவரும் அவர்தாம். தந்தை எந்தக் கதவைத் தட்டினாரோ அதே கதவை மகனும் தட்டினார்.

இக்கொலையைப் பற்றி மேலும் ஆராய விரும்புவோர்க்குப் பொருள் குறைவில்லை. பேஷ்வாக்களின் அலுவலகச் சுவடிகள் கட்டுக் கட்டாகப் புனேயிலேயே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் தெரிந்தெடுத்தவற்றைக் கோவிந்த சகாராம் சர்தேசாய் 1930 முதல் 1934 வரை 45 பகுதிகளாகப் பதிப்பித்தார். மோடி எழுத்தைப் படிக்க வல்லார் அருகிவிட்டபோதிலும், அதனைக் கற்பிக்கும் வகுப்புகள் மகாராஷ்டிரத்தில் நடைபெறுகின்றன. ஓய்வு பெற்ற நம்மவருள் மராட்டியை நன்கு கற்றவர் சிலராவது இப்பணியில் ஈடுபடலாம். நம் முன்னோர் தஞ்சையில் எழுதிவைத்த மோடி ஆவணங்களும் படிப்பாரின்றிக் காத்திருக்கின்றன.

சனிவார் வாடாவின் மாளிகைகள் 1828ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூண்ட பெருந்தீயில் அழிந்தன. கொலை நிகழ்ந்த அறையும் சிற்றப்பன் ஏறிச்சென்ற மேல்மாடமும் இன்று இல்லை. தில்லியை நோக்கியமைந்த பெருவாயிலின் வழியாகவே காண வருவோர் உள்ளே செல்கின்றனர். மதிலைச் சுற்றி நடந்தால் சிறிய வாயில் ஒன்றைக் காணலாம். இளம் பேஷ்வாவின் உடல் அன்றிரவு அவ்வழியே கொண்டுசெல்லப்பட்டது என்பர். அதற்கு நாராயண வாயில் என்று பெயர்.